யாருடைய பயம் இது? அமெரிக்க அரசமைப்பின் அடிப்படைகளைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்க அரசமைப்பைப் பற்றிக் கேட்டால் அரசியல் அறிவியல் மாணவர்கள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள்: மக்கள் இறையாண்மை, அதிகாரப் பிரிவினை, கட்டுப்பாடுகளும் சமநிலையும், கூட்டாட்சி, வரம்புக்குட்பட்ட அரசு, நீதிப் புனராய்வு. பட்டியல் சரிதான். ஆனால் 1787-இல் எழுதப்பட்ட மூல ஆவணத்தைத் திறந்து இந்தச் சொற்களைத் தேடிப் பாருங்கள். ஒன்றுகூடக் கிடைக்காது. 'ஜனநாயகம்' என்ற சொல்லும் அதில் இல்லை.

இருப்பவை உலர்ந்த விதிகள்தான். யாரை யார் தேர்ந்தெடுப்பது, எத்தனை ஆண்டுகளுக்கு, சம்பளத்தை யார் கொடுப்பது, எத்தனை பேர் கைதூக்கினால் போதும். கருத்துகளுக்குப் பெயர் வைத்தவர்கள் பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள். எனவே பெயர்களிலிருந்து தொடங்கிப் படிப்பவர்கள் வழி தவறுவது இயல்பே. நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று முறை படித்தும் மனத்தில் ஒட்டவில்லை. ஒவ்வொரு விதியைப் பார்த்தும் "இது யாருடைய பயம்?" என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் ஆவணம் பேச ஆரம்பித்தது. அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன்

மூன்று பொருள்கள் போதும். அரசமைப்பின் மூலப் பாடம், 1776-இன் விடுதலைப் பிரகடனம், ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டில் மூன்று கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள்: விதி, பயந்தவர், பயத்துக்குக் காரணமான நிகழ்வு. பதின்மூன்று மாநிலங்களின் வரைபடம் ஒன்று கிடைத்தால் நல்லது. எது பெரிய மாநிலம், எது சின்ன மாநிலம் என்று தெரியாவிட்டால் பாதி விவாதம் புரியாது.

முதல் படி: ஒரே அமர்வில் மூலத்தைப் படியுங்கள்

கையெழுத்துகளையும் சேர்த்து ஏறத்தாழ நாலாயிரத்து ஐந்நூறு ஆங்கிலச் சொற்கள்தான். நான்கு பெரிய தோல் தாள்களில் அடங்கிவிட்டது. ஜேக்கப் ஷாலஸ் என்ற எழுத்தர் அதை அழகாக எழுதிக் கொடுத்து 30 டாலர் வாங்கிக்கொண்டார். நிதானமாகப் படித்தால் ஒரு மணி நேரம் ஆகலாம். புரியாத இடத்தில் நிற்காமல் போய்க்கொண்டே இருங்கள்.

ஏழு பிரிவுகள் உள்ளன. முதலாவது சட்டமியற்றும் காங்கிரஸ் பற்றியது, இரண்டாவது ஜனாதிபதி, மூன்றாவது நீதிமன்றங்கள். நான்காவது மாநிலங்களுக்கிடையேயான உறவு, ஐந்தாவது திருத்தம் செய்யும் முறை, ஆறாவது இந்தச் சட்டமே உச்சச் சட்டம் என்ற அறிவிப்பு, ஏழாவது இதை எப்படி ஏற்பது என்பது. முதல் பிரிவு மற்ற ஆறையும் சேர்த்தாலும் அதைவிட நீளம். காங்கிரஸ்தான் ஆட்சியின் மையம் என்று அன்றைக்கு நினைத்தார்கள் என்பதை இந்த நீளமே காட்டிக்கொடுக்கிறது.

நான்காம் தாளின் கீழே, கையெழுத்துகளுக்குப் பக்கத்தில், ஒரு சிறு பிழைதிருத்தக் குறிப்பு இருக்கும். முதல் தாளின் பதினைந்தாம் வரியில் 'முப்பது' என்ற சொல், அழிக்கப்பட்ட இடத்தின் மேல் எழுதப்பட்டது என்று அது சொல்கிறது. கையெழுத்திடும் நாளான 1787 செப்டம்பர் 17 அன்று, எல்லாம் முடிந்து தாள் தயாரான பிறகு, 40,000 பேருக்கு ஒரு பிரதிநிதி என்பது போதாது, 30,000 பேருக்கு ஒருவர் என்று மாற்றலாம் என்று, அரசமைப்பை எழுதிய பிலடெல்பியா மாநாட்டுக்கு மாசசூசெட்ஸிலிருந்து வந்திருந்த நத்தேனியல் கோரம் கேட்டார். நான்கு மாதமாகத் தலைமை நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஜார்ஜ் வாஷிங்டன் எழுந்து அதை ஆதரித்தார். தோலைச் சுரண்டி எண்ணை மாற்றினார்கள். மக்களிடமிருந்து பிரதிநிதிகள் விலகிப்போய்விடுவார்களோ என்ற பயம் கடைசி நாள் வரை இருந்திருக்கிறது. உங்கள் நோட்டின் முதல் வரியாக இதை எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: 1776-இன் குற்றப்பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள்

விடுதலைப் பிரகடனம் என்றவுடன் எல்லோரும் அதன் இரண்டாம் பத்தியை மேற்கோள் காட்டுவார்கள். மனிதர்கள் சமமாகப் படைக்கப்பட்டவர்கள், பறிக்க முடியாத உரிமைகள் அவர்களுக்கு உண்டு, ஆளப்படுவோரின் சம்மதத்திலிருந்தே அரசுக்கு அதிகாரம் வருகிறது. இங்கிலாந்தின் தத்துவ அறிஞர் ஜான் லாக் சொன்ன கருத்துகளை, பிரகடனத்தை எழுதிய 33 வயது தாமஸ் ஜெஃபர்சன் ஓரிரு வாக்கியங்களில் இறக்கிவிட்டார். இயற்கை உரிமை, சமூக ஒப்பந்தம், ஆளப்படுவோர் சம்மதம் ஆகிய மூன்று கருத்துகளுக்கும் இந்தப் பத்தியே போதும்.

நீங்கள் படிக்க வேண்டியது அதற்குப் பின்னால் வரும் பகுதி. அதுவரை இவர்களை ஆண்ட இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் செய்த தீங்குகள் என்று ஒரு நீண்ட குற்றப்பட்டியல் வரும். வகுப்பில் யாரும் அதைத் தொடுவதில்லை. என் பார்வையில் அரசமைப்பின் திறவுகோல் அங்கேதான் இருக்கிறது. இதோ சில ஜோடிகள்.

நீதிபதிகளின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மன்னர் தன் விருப்பத்துக்கு உட்படுத்தினார் என்பது ஒரு குற்றச்சாட்டு. பதினொரு ஆண்டு கழித்து எழுதப்பட்ட மூன்றாம் பிரிவைப் பாருங்கள்: நீதிபதிகள் நன்னடத்தை உள்ளவரை பதவியில் இருப்பார்கள், பதவியில் இருக்கும் வரை அவர்களுடைய சம்பளத்தைக் குறைக்கக் கூடாது.

சட்டமன்றங்களை மன்னர் மீண்டும் மீண்டும் கலைத்தார் என்பது இன்னொன்று. அரசமைப்பில் காங்கிரஸைக் கலைக்கும் அதிகாரம் யாருக்குமே இல்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது அது கூடியே ஆக வேண்டும்.

அமைதிக் காலத்தில் எங்கள் சட்டமன்றங்களின் ஒப்புதல் இல்லாமல் நிரந்தரப் படைகளை நிறுத்தி வைத்தார் என்பது மற்றொன்று. படைக்கான நிதியை ஒரே நேரத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்ற விதி அதற்குப் பதில். படைவீரர்களைக் குடிமக்களின் வீடுகளில் தங்கவைத்த குறைக்கு மூன்றாம் திருத்தம் பதில்.

மீதியை நீங்களே ஜோடி சேருங்கள். ஒரு மாலைப் பொழுது போதும். 'வரம்புக்குட்பட்ட அரசு' என்ற சொல்லை விளக்கப் பத்து பக்கம் படிப்பதைவிட இந்தப் பயிற்சி அதிகம் கற்றுத்தரும்.

மூன்றாம் படி: தோற்றுப்போன முதல் ஏற்பாடு

அமெரிக்காவின் முதல் அரசமைப்பு 1787-இல் எழுதப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது இரண்டாவது. 1777-இல் எழுதி 1781 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த 'கூட்டமைப்பு விதிகள்' முதலாவது.

இங்கே தமிழ்ச் சொற்களில் ஒரு கவனம் தேவை. நம் பேச்சில் 'கூட்டமைப்பு', 'கூட்டாட்சி' இரண்டும் கலந்து புழங்குகின்றன. இந்தப் பாடத்தில் அவை நேர் எதிரானவை. கூட்டமைப்பு என்றால் தனித்தனி அரசுகள் கைகோத்துக்கொண்ட அணி. மைய அமைப்பு மாநிலங்களைக் கேட்கலாம். குடிமகனைத் தொட முடியாது. கூட்டாட்சியில் மைய அரசும் மாநில அரசும் ஒரே குடிமகனை நேராக ஆளுகின்றன. 1781-க்கும் 1789-க்கும் இடையில் நடந்த மாற்றம் இதுதான்.

மன்னர்மேல் இருந்த பயத்தில் எழுதப்பட்டதால் அந்த முதல் ஏற்பாட்டில் நிர்வாகத் தலைவரே இல்லை. தேசிய நீதிமன்றங்கள் இல்லை. வரி விதிக்கும் அதிகாரமும் இல்லை. காங்கிரஸ் மாநிலங்களிடம் பணம் கேட்டுக் கடிதம் எழுதும், மாநிலங்கள் கொடுத்தால் உண்டு. பெரிய முடிவுகளுக்கு ஒன்பது மாநிலங்கள் சம்மதிக்க வேண்டும். விதியைத் திருத்த வேண்டுமானால் பதின்மூன்றும் சம்மதிக்க வேண்டும். இறக்குமதிப் பொருள்கள்மீது ஐந்து சதவீதத் தீர்வை விதிக்கலாம் என்று 1781-இல் ஒரு திருத்தம் வந்தது. மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்ட் 1782-இல் மறுத்தது, திருத்தம் செத்தது. இரண்டாவது முயற்சியை நியூயார்க் முறியடித்தது. போரில் வாங்கிய கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த பயம் மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதியிலிருந்து வந்தது. மாநில அரசு வரியை உலோக நாணயமாகக் கேட்டது. விவசாயிகளிடம் நாணயம் இல்லை. கடன் கொடுத்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போக, நிலமும் கால்நடையும் ஏலத்துக்கு வந்தன. அவர்களில் பலர் சில ஆண்டுகளுக்கு முன் விடுதலைப் போரில் துப்பாக்கி ஏந்தியவர்கள். 1786 ஆகஸ்டில் அவர்கள் நீதிமன்றங்களின் வாசலை மறித்தார்கள். நீதிமன்றம் கூடாவிட்டால் ஜப்தி இல்லையே! 1787 ஜனவரி 25 அன்று டேனியல் ஷேஸ் என்ற முன்னாள் படைத்தலைவரின் பின்னால் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கி நடந்தார்கள். பீரங்கி வெடித்தது, நான்கு பேர் இறந்தார்கள். காங்கிரஸிடம் அனுப்பப் படையும் இல்லை, படை திரட்டப் பணமும் இல்லை. கிளர்ச்சியை அடக்கப் போன இன்னொரு படைக்குப் பாஸ்டன் வணிகர்கள் சொந்தப் பணத்தைப் போட்டார்கள்.

நோட்டில் இரண்டாவது பயத்தை எழுதுங்கள்: அரசு பலவீனமாக இருந்தால் எல்லாம் கலைந்துவிடும். இதை எழுதும்போது, பயந்தவர்கள் பெரும்பாலும் சொத்துள்ளவர்கள் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்வது நேர்மை. கடனில் மூழ்கிய அந்த விவசாயிகளுக்கு அரசு அளவுக்கு மீறிய பலத்தோடு இருப்பதாகத்தான் தோன்றியிருக்கும்.

நான்காம் படி: பிலடெல்பியாவின் மூடிய ஜன்னல்கள்

1786 செப்டம்பரில் அனாபொலிஸில் கூடிய வணிக மாநாட்டுக்கு ஐந்து மாநிலங்கள்தான் வந்தன. வந்தவர்கள் சும்மா திரும்பவில்லை. அலெக்சாண்டர் ஹாமில்டன் எழுதிய அறிக்கையில், அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் எல்லோரும் கூட வேண்டும் என்று அழைப்பு விடுத்தார்கள்.

1787 மே 14 என்று நாள் குறித்தார்கள். போதிய மாநிலங்கள் வந்து சேர மே 25 ஆயிற்று. மொத்தம் 55 பேர், 12 மாநிலங்கள். ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. ஜெஃபர்சன் பாரிஸில் தூதராக இருந்தார், ஜான் ஆடம்ஸ் லண்டனில். வந்தவர்களில் மூத்தவர் 81 வயது பெஞ்சமின் ஃபிராங்க்ளின். கோடை வெயிலில் கதவு ஜன்னல்களை மூடிக்கொண்டு பேசினார்கள். உள்ளே பேசுவது வெளியே போகக் கூடாது என்பது விதி. வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் முன்வரிசையில் உட்கார்ந்து நாள்தோறும் குறிப்பெடுத்தார். அவர் இறந்த பிறகு, 1840-இல்தான் அந்தக் குறிப்புகள் அச்சேறின.

கூட்டமைப்பு விதிகளைத் திருத்தத்தான் அவர்களை அனுப்பியிருந்தார்கள். அவர்களோ பழைய வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த இடத்தில் அதை இடித்துவிட்டுப் புது வீடு கட்டினார்கள். இதைத் துணிச்சல் என்பதா, வரம்பு மீறல் என்பதா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன்.

முகப்புரையின் முதல் மூன்று ஆங்கிலச் சொற்களை (We the People, 'மக்களாகிய நாம்') இந்தக் கண்ணோடு பாருங்கள். ஆகஸ்டில் வந்த வரைவில் "நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ்..." என்று தொடங்கி எல்லா மாநிலங்களின் பெயர்களையும் அடுக்கி, அந்த மாநிலங்களின் மக்களாகிய நாம் என்றுதான் இருந்தது. செப்டம்பரில் நடையைச் செம்மைப்படுத்தும் குழுவில் கவெர்னியர் மோரிஸ் அதை "ஐக்கிய அமெரிக்க மாநிலங்களின் மக்களாகிய நாம்" என்று மாற்றினார். அதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. ஒன்பது மாநிலங்கள் ஏற்றால் போதும் என்று முடிவாகிவிட்டது. எந்த ஒன்பது என்று யாருக்குத் தெரியும்? வராத ரோட் ஐலண்டின் பெயரை எப்படி எழுதுவது? இப்படி ஒரு எழுத்துச் சிக்கலைத் தீர்க்கப்போய், அதிகாரம் மாநிலங்களிடமிருந்து வருகிறதா மக்களிடமிருந்து வருகிறதா என்ற கேள்விக்கு விடையும் எழுதப்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டு வர்ஜீனியாவில் பேட்ரிக் ஹென்றி எழுந்து, 'மாநிலங்களாகிய நாம்' என்று எழுதாமல் 'மக்களாகிய நாம்' என்று எழுத இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டார். "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்கும் நம் முகப்புரை இந்த வாக்கியத்தின் வழிவந்தது.

ஐந்தாம் படி: பேரங்களை எண்ணிக்கையில் போட்டுப் பாருங்கள்

மே 29 அன்று எட்மண்ட் ராண்டால்ஃப் முன்வைத்த வர்ஜீனியா திட்டம், பிரதிநிதித்துவம் மக்கள்தொகைக்கேற்ப இருக்க வேண்டும் என்றது. ஜூன் 15 அன்று வில்லியம் பேட்டர்சன் கொண்டுவந்த நியூ ஜெர்சி திட்டம், மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற பழைய முறையே தொடர வேண்டும் என்றது. 1790 கணக்கெடுப்பில் டெலாவேரில் சுமார் 59,000 பேர், வர்ஜீனியாவில் சுமார் 7,47,000 பேர். டெலாவேரின் பயம் புரிகிறதல்லவா? வர்ஜீனியாவின் எரிச்சலும் புரியும்.

கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன் சொன்ன வழி ஜூலை 16 அன்று வென்றது: கீழவையான பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைப்படி, மேலவையான செனட்டில் எல்லா மாநிலங்களுக்கும் சமம். வாக்கு 5-க்கு 4. மாசசூசெட்ஸ் பிரதிநிதிகள் இரண்டாகப் பிரிந்ததால் அந்த மாநிலத்தின் வாக்கு எந்தப் பக்கமும் விழவில்லை. ஒரு மாநிலம் மாறியிருந்தால் மாநாடே கலைந்திருக்கலாம்.

மக்கள்தொகைப்படி என்று சொன்னவுடன் அடுத்த கேள்வி எழுந்தது: அடிமைகளை எண்ணுவதா? வாக்கு, சொத்து, சொந்தப் பிள்ளைகள்மேல் உரிமை எதுவும் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் இடங்களைக் கணக்கிடும்போது மட்டும் அவர்களை முழுதாக எண்ண வேண்டும் என்று தெற்கு மாநிலங்கள் கேட்டன. ஐந்தில் மூன்று பங்கு என்று பேரம் படிந்தது. இந்தப் பின்னம் என்ன செய்தது என்பதை நீங்களே கணக்கு போட்டால்தான் உறைக்கும். வர்ஜீனியாவில் அடிமைகள் சுமார் 2,92,000 பேர், மற்றவர்கள் சுமார் 4,55,000. ஐந்தில் மூன்று என்றால் 1,75,000 கூடி 6,30,000 ஆகிறது. 1792-இன் சட்டப்படி 33,000 பேருக்கு ஓர் இடம், மீதியைக் கழித்துவிட வேண்டும். கிடைத்தவை 19 இடங்கள். அடிமைகளை எண்ணாமல் இருந்திருந்தால் 13. இந்தக் கூடுதல் ஆறு இடங்கள் ஜனாதிபதித் தேர்தலிலும் கூடுதல் ஆறு வாக்குகள். ஏனென்றால் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் ஒரு மாநிலத்துக்கு உள்ள எண்ணிக்கை காங்கிரஸில் அதற்கு உள்ள மொத்த இடங்களுக்குச் சமம்.

'அடிமை' என்ற சொல் ஆவணத்தில் எங்கும் இல்லை. "மற்ற நபர்கள்" என்று எழுதினார்கள். அடிமை வணிகத்தை 1808 வரை காங்கிரஸ் தடுக்கக் கூடாது என்ற விதியிலும், தப்பியோடியவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற விதியிலும் இதே சுற்றிவளைப்புதான். அந்தச் சொல் முதன்முதலாக அரசமைப்புக்குள் வந்தது 1865-இல், அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தத்தில். நோட்டின் 'பயந்தவர்' கட்டத்தில் அந்த லட்சக்கணக்கானவர்களின் பெயரை எழுத முயலுங்கள். பொருந்தும் விதி ஒன்றும் கிடைக்காது. அவர்களுடைய பயத்தைக் கேட்க அந்த அறையில் ஆள் இல்லை.

ஆறாம் படி: நாடாளுமன்றக் கண்ணாடியைக் கழற்றுங்கள்

இந்தியாவிலோ இலங்கையிலோ வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவையில் பெரும்பான்மை பெற்றவர் அமைச்சரவை அமைப்பார், அவையில் தோற்றால் ஆட்சி கவிழும் என்ற படம் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அதை வைத்துக்கொண்டு அமெரிக்காவைப் படித்தால் எல்லாமே கோணலாகத் தெரியும்.

ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் பிரிவு, ஆறாம் உட்பிரிவு: அரசுப் பதவி வகிப்பவர் எவரும் காங்கிரஸில் உறுப்பினராக இருக்க முடியாது. நம் நாட்டில் அமைச்சராக வேண்டுமானால் அவை உறுப்பினராக வேண்டும். அங்கே உறுப்பினர் பதவியை விட்டால்தான் அமைச்சராகலாம். இங்கிலாந்தில் மன்னர் பதவிகளைக் காட்டி நாடாளுமன்ற உறுப்பினர்களை விலைக்கு வாங்கியதைக் குடியேற்றத்தார் பார்த்திருந்தார்கள். அந்தப் பயம்தான் இங்கே சுவராக நிற்கிறது.

அடுத்து ஒரு மசோதாவின் பின்னால் நடந்து பாருங்கள். வரி மசோதா என்றால் பிரதிநிதிகள் சபையில்தான் தொடங்க வேண்டும். இரு அவைகளும் ஒரே வடிவில் நிறைவேற்ற வேண்டும். ஜனாதிபதி கையெழுத்திடலாம், அல்லது காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்பினால், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைத்தால் அவர் இல்லாமலே சட்டமாகும். இப்போது எதிர்த்திசையில் ஒரு நீதிபதியின் பின்னால் நடங்கள்: ஜனாதிபதி பெயரை முன்மொழிவார், செனட் சம்மதிக்க வேண்டும், பதவியேற்ற பிறகு இருவராலும் எளிதில் அசைக்க முடியாது. தவறு செய்தால் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டும், செனட் விசாரித்து மூன்றில் இரண்டு பங்கால் நீக்கும்.

இந்த இரண்டு நடைகளையும் முடித்தால் ஒரு பொதுவான குழப்பம் தீரும். மூன்று துறைகளும் முற்றாகப் பிரிந்திருக்கின்றன என்று பாடநூல்கள் எழுதுகின்றன. உண்மையில் ஆட்கள்தான் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். வேலைகள் வேண்டுமென்றே பின்னப்பட்டிருக்கின்றன. ஜனாதிபதி சட்டமியற்றலில் கைவைக்கிறார், செனட் நியமனத்தில் கைவைக்கிறது. பிரான்சின் மோன்டெஸ்கியூ 1748-இல் எழுதிய அதிகாரப் பிரிவினை இதை ஏற்குமா என்று அன்றே சண்டை நடந்தது.

ஏழாம் படி: ஒரு குடிமகன், இரண்டு அரசுகள்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். மூன்று இடங்களைச் சேர்த்துப் படியுங்கள். முதல் பிரிவின் எட்டாம் உட்பிரிவு காங்கிரஸின் அதிகாரங்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறது: வரி, கடன், மாநிலங்களுக்கிடையேயான வணிகம், நாணயம், அஞ்சல், போர். ஆறாம் பிரிவு, அந்த எல்லைக்குள் இயற்றிய சட்டம் மாநிலச் சட்டத்தைவிட மேலானது என்கிறது. பத்தாம் திருத்தம், மைய அரசுக்குத் தராத, மாநிலங்களுக்குத் தடுக்காத அதிகாரங்கள் மாநிலங்களிடமோ மக்களிடமோ இருக்கும் என்கிறது.

கோடு தெளிவாக இருப்பதுபோல் தெரியும். ஆனால் எட்டாம் உட்பிரிவின் கடைசி வரி, இந்த அதிகாரங்களைச் செயல்படுத்தத் 'தேவையான, தகுந்த' சட்டங்களையும் இயற்றலாம் என்கிறது. தேவையானது எது? பட்டியலில் வங்கி இல்லை. தேசிய வங்கி தொடங்கலாமா? 1819-இல் உச்ச நீதிமன்றம் தொடங்கலாம் என்றது. இன்றும் மத்திய–மாநில வழக்குகள் பலவற்றில் இந்த வாசகமும் மாநிலங்களுக்கிடையேயான வணிகம் பற்றிய வாசகமும்தான் தலைகாட்டுகின்றன.

எட்டாம் படி: எதிர்த்தவர்களையும் படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். புதிய அரசமைப்பை ஆதரித்தவர்கள் தங்களைக் 'கூட்டாட்சியாளர்' என்று அழைத்துக்கொண்டார்கள். எதிரிகளுக்கு 'கூட்டாட்சி எதிர்ப்பாளர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெயரிலேயே பாதி வெற்றி. எதிர்த்தவர்களோ, மாநிலங்களின் உண்மையான கூட்டைக் காப்பது நாங்கள்தானே என்று புலம்பினார்கள்.

1787 அக்டோபரில் 'புரூட்டஸ்' என்ற புனைபெயரில் நியூயார்க்கில் கட்டுரைகள் வரத் தொடங்கின. குடியரசு சிறியதாக இருந்தால்தான் தழைக்கும். இத்தனை பெரிய நாட்டில் பிரதிநிதிக்கு மக்களைத் தெரியாது, மக்களுக்குப் பிரதிநிதியைத் தெரியாது என்பது வாதம். 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் ஹாமில்டன், மேடிசன், ஜான் ஜே மூவரும் எழுதிய 85 கட்டுரைகள் மறுபக்கம். அவற்றில் பத்தாவதில் மேடிசன் வாதத்தைத் தலைகீழாக்கினார். சிறிய நாட்டில் ஒரு கும்பல் எளிதாகப் பெரும்பான்மையாகி மற்றவர்களை நசுக்கும். நாடு பெரிதானால் நலன்கள் பலவாகும், ஒரே கும்பல் எல்லாவற்றையும் கைப்பற்றுவது கடினம். இரண்டையும் அடுத்தடுத்து படியுங்கள். மேடிசன்தான் கெட்டிக்காரர் என்று எனக்குத் தோன்றும்; ஆனால் தொகுதி உறுப்பினரின் முகமே தெரியாத ஊர்களை நினைக்கும்போது புரூட்டஸ் பக்கமும் மனம் சாயும்.

ஏற்பு எப்படி நடந்தது என்பதும் ஒரு கருத்துதான். மாநிலச் சட்டமன்றங்களிடம் போகாமல், இதற்கென்றே மக்கள் தேர்ந்தெடுத்த மாநாடுகளிடம் போனார்கள். அடித்தளச் சட்டத்தைச் சாதாரணச் சட்டமன்றம் தந்தால், அடுத்த சட்டமன்றம் அதை எடுத்துவிடலாமே! டெலாவேர் 1787 டிசம்பர் 7 அன்று ஒருமனதாக ஏற்றது. ஒன்பதாவதாக நியூ ஹாம்ப்ஷயர் 1788 ஜூன் 21 அன்று 57-க்கு 47. அதோடு சட்டப்படி வேலை முடிந்தது. ஆனால் வர்ஜீனியாவும் நியூயார்க்கும் இல்லாமல் என்ன நாடு? வர்ஜீனியா 89-க்கு 79, நியூயார்க் 30-க்கு 27. கடைசியாக ரோட் ஐலண்ட், 1790 மே மாதம், 34-க்கு 32. வாஷிங்டன் ஜனாதிபதியாகி ஓராண்டு ஓடிவிட்டிருந்தது.

ஒன்பதாம் படி: உரிமைகள் பின்னால் வந்த கதை

செப்டம்பர் 12 அன்று, மாநாடு முடிய ஐந்து நாள் இருக்கையில், வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் உரிமைப் பட்டியல் ஒன்று வேண்டும், சில மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்றார். ஒரு மாநிலமும் ஆதரிக்கவில்லை. எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம் என்று எனக்குப் படுகிறது. மேசன், ராண்டால்ஃப், எல்பிரிட்ஜ் கெரி மூவரும் கையெழுத்திட மறுத்தார்கள். மாசசூசெட்ஸில் ஏற்பு தோற்கும் நிலை வந்தபோது, இப்போது ஏற்றுக்கொள்ளுங்கள், திருத்தங்களைப் பரிந்துரையுங்கள் என்ற சமரசம்தான் காப்பாற்றியது: 187-க்கு 168.

உரிமைகளைப் பட்டியலிட்டால் பட்டியலில் இல்லாதவை உரிமை இல்லை என்றாகிவிடும் என்று ஹாமில்டன் வாதிட்டிருந்தார். ஒன்பதாம் திருத்தத்தைப் படியுங்கள்: சில உரிமைகளை இங்கே எண்ணியதால் மக்களிடமுள்ள மற்ற உரிமைகளை மறுப்பதாகப் பொருள் கொள்ளக் கூடாது. இது அவருக்கு நேரான பதில். நோட்டில் மூன்றாவது பயம்: நாமே கட்டிய அரசின் மீது பயம்.

மேடிசன் 1789 ஜூன் 8 அன்று திருத்தங்களை முன்வைத்தார். செப்டம்பரில் காங்கிரஸ் 12 திருத்தங்களை மாநிலங்களுக்கு அனுப்பியது. 1791 டிசம்பர் 15-க்குள் பத்து தேறின. பேச்சுரிமை, மத உரிமை பற்றிய புகழ்பெற்ற முதல் திருத்தம் அனுப்பிய பட்டியலில் மூன்றாவதாக இருந்தது. முன்னால் இருந்த இரண்டும் தேறாததால் முதலிடம் கிடைத்தது.

ஐந்தாம் திருத்தத்தில் வரும் 'முறையான சட்ட நடைமுறை' என்ற தொடரைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்திய அரசமைப்பின் ஆலோசகர் பி. என். ராவ் 1947-இல் அமெரிக்கா சென்றபோது நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். அந்தத் தொடர் நீதிபதிகளுக்கு அளவுக்கு மீறிய அதிகாரம் தரும் என்று அவர் எச்சரித்த பிறகு, நம் 21-ஆம் பிரிவில் 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' என்ற சொற்கள் இடம்பெற்றன.

இன்னொன்று: இந்தப் பத்தும் தொடக்கத்தில் மைய அரசை மட்டுமே கட்டுப்படுத்தின. மாநிலங்களுக்கு எதிராக அவற்றில் பெரும்பாலானவற்றைப் பயன்படுத்தும் வழி 1868-இன் பதினான்காம் திருத்தத்துக்குப் பிறகு, வழக்கு வழக்காகத்தான் திறந்தது.

பத்தாம் படி: யார் பொருள் சொல்வது, எப்படி மாற்றுவது

ஒரு சட்டம் அரசமைப்புக்கு முரணா என்று தீர்ப்பது யார் என்று ஆவணம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. 1803-இல் மார்பரி வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், அது நீதிமன்றத்தின் கடமை என்று எழுதினார். நீதிப் புனராய்வு என்பது இதுதான். வேடிக்கை என்னவென்றால், நீதிமன்றத்துக்கே கூடுதல் அதிகாரம் கொடுத்த ஒரு சட்டத்தைத்தான் அவர் செல்லாது என்றார். சிறியதைக் கைவிட்டுப் பெரியதை வாங்கிக்கொண்டார்.

மாற்றும் முறை ஐந்தாம் பிரிவில். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு. இன்றைய 50 மாநிலங்களில் 38. எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்ற பழைய விதியில் ரோட் ஐலண்டிடம் பட்ட அடி நினைவிருக்கும். அதே நேரத்தில் எளிதாகவும் விடவில்லை. இதுவரை 27 திருத்தங்கள்தான்.

அதில் கடைசியானதை மட்டும் தனியாகப் பாருங்கள். மேடிசனின் பன்னிரண்டில் தேறாமல் போன இரண்டில் ஒன்று, காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்களுக்குத் தாங்களே சம்பளம் கூட்டிக்கொண்டால் அது அடுத்த தேர்தலுக்குப் பிறகே செல்லும் என்பது. காலக்கெடு எதுவும் எழுதப்படவில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 1982-இல் இதைக் கண்டெடுத்து, இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று ஒரு பாடக் கட்டுரை எழுதினார். 'சி' மதிப்பெண் கிடைத்தது. கோபத்தில் மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு மாநிலமாக ஏற்றுக்கொண்டே வர, 1992 மே மாதம் தேவையான எண்ணிக்கை நிறைந்தது. மேடிசன் எழுதி ஏறத்தாழ 203 ஆண்டுகள் ஆகியிருந்தன.